ஸ்டாட்டினுக்கும் மெட்ஃபார்மினுக்கும் மாற்று உண்டா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் வகை மருந்து என்று சாப்பிட்டுவரும் மாத்திரைகளை விட்டுவிட்டு, அவற்றின் இடத்தில் சப்ளிமென்ட் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை மிகுதி. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால், ஒன்பது கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, ஒன்றாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 54. அண்மையில் எடுத்த பரிசோதனையில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 168 என்று வந்தது. மருத்துவர் அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார். "இரசாயன மாத்திரை வேண்டாம், சிவப்பு ஈஸ்ட் அரிசி இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது" என்று தோழி ஒரு புட்டியைக் கொடுத்தார். மாத்திரைக்குப் பதிலாக இதைச் சாப்பிடலாமா?

பதில்: அந்தப் புட்டியில் இருப்பதும் ஸ்டாட்டின்தான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை என்பதால் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1970-களில் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ என்னும் அறிஞர், கல்லீரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்வதைத் தடுக்கும் பொருள் ஏதேனும் பூஞ்சைகளில் இருக்கிறதா என்று ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தார். முதல் ஸ்டாட்டின் அந்தத் தேடலில்தான் கிடைத்தது. பிறகு 1979-இல் மொனாஸ்கஸ் என்னும் பூஞ்சையிலிருந்து மொனகோலின் கே என்ற பொருளையும் அவர் பிரித்தெடுத்தார். வேறொரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்டு 1987-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினும் இந்த மொனகோலின் கேயும் வேதியியல்படி ஒன்றே. அரிசியின் மேல் மொனாஸ்கஸை வளர்த்து உலர்த்தினால் சிவப்பு ஈஸ்ட் அரிசி. ஆகவே அது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று உங்கள் தோழி சொன்னது பொய்யில்லை. பக்கவிளைவு கிடையாது என்பதுதான் பொய். ஸ்டாட்டினால் வரக்கூடிய தசைவலியும் கல்லீரல் நொதி உயர்வும் இதனாலும் வரும்.

இப்போது புட்டியைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு ஈஸ்ட் அரிசித் தூள் இத்தனை மில்லிகிராம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குள் மொனகோலின் கே எவ்வளவு என்ற வரி பெரும்பாலும் இருக்காது. அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 28 தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டில் அந்தப் பொருள் கண்டறியும் அளவுக்குக்கூட இல்லை. மற்றவற்றில் மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் 60 மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு புட்டி முடிந்து அடுத்ததை வாங்கும்போது நீங்கள் சாப்பிடும் மருந்தின் அளவு பல மடங்கு ஏறலாம், அல்லது இல்லாமலே போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் ஒரு நாளைய அளவில் மொனகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று வரம்பு விதித்ததற்குக் காரணம், இதனால் கடுமையான பக்கவிளைவுகள் வரக்கூடும் என்ற பாதுகாப்புக் கவலையே.

இன்னொன்றும் உண்டு. பூஞ்சையை வளர்க்கும்போது சரியாகக் கட்டுப்படுத்தாவிட்டால் சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சும் கூடவே உருவாகும். 2024-இல் ஜப்பானில் சிவப்பு ஈஸ்ட் அரிசி சேர்ந்த சப்ளிமென்ட்களைச் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, அந்தச் சரக்கு முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அங்கே சந்தேகத்துக்கு உள்ளானது சிட்ரினின்கூட இல்லை, வேறொரு பூஞ்சையிலிருந்து கலந்த பியூபெருலிக் அமிலம். உங்கள் மேசைமேல் இப்போது இருப்பவை அளவு தெரிந்த ஸ்டாட்டின் ஒன்று, அளவு தெரியாத ஸ்டாட்டின் ஒன்று. நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

அதே நேரம், 168 என்ற எண்ணை மட்டும் வைத்து உங்களுக்கு மாத்திரை கட்டாயம் என்றும் நான் சொல்லமாட்டேன். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகிய எதுவும் இல்லாதவராக இருந்தால், "அடுத்த பத்தாண்டுகளில் எனக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு, உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றி மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாமா" என்று உங்கள் மருத்துவரிடமே கேட்கலாம். அது முறையான கேள்வி. எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர்கள், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், 40 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு அந்த அவகாசத்தை நான் கொடுப்பதில்லை.

கேள்வி: ஸ்டாட்டின் ஆரம்பித்த பத்தாம் நாளே கால்வலி தொடங்கியது. நிறுத்தினேன், வலி போய்விட்டது. இனி மாத்திரையைத் தொடமாட்டேன். கோஎன்சைம் க்யூ10 சாப்பிட்டால் போதுமா? வயது 61, இரண்டாண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

பதில்: கடைசி வரியை நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்த ஒருவர் கொலஸ்ட்ரால் மருந்தே இல்லாமல் இருப்பது, என் பார்வையில், கால்வலியைவிடப் பல மடங்கு பெரிய கவலை. கோஎன்சைம் க்யூ10 கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளே அல்ல; ஸ்டாட்டினால் வரும் தசைவலியைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் சிலர் மாத்திரையோடு சேர்த்து எடுக்கிறார்கள், அதிலும் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

உங்கள் வலியைப் பொறுத்தவரை, 2020-இல் பிரிட்டனிலிருந்து வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். உங்களைப் போலவே ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்ட 60 பேரிடம் 12 புட்டிகளைக் கொடுத்தார்கள். நான்கில் அடோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., நான்கில் பார்வைக்கு அதே போன்ற, ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு காலி. மாதத்துக்கு ஒன்றாக, வரிசையைக் கலைத்துக் கொடுத்து, அன்றன்றைய தொல்லைக்கு அவர்களையே மதிப்பெண் போடச் சொன்னார்கள். காலிப் புட்டி மாதங்களில் தொல்லை குறைவாக இருந்தது. ஸ்டாட்டின் மாதங்களிலும் போலி மாத்திரை மாதங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. ஸ்டாட்டினால் வந்த தொல்லையில் 90 விழுக்காடு போலி மாத்திரையாலும் வந்திருந்தது. தங்கள் சொந்த மதிப்பெண்களைப் பார்த்த பிறகு, அவர்களில் பாதிப் பேர் மீண்டும் ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள்.

இதனால் உங்கள் வலி கற்பனை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரையை விழுங்கும் செயலே, எதிர்பார்ப்பின் வழியாக, உண்மையான வலியைக் கொண்டுவர முடியும் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறது. மருந்தினாலேயே தசை பாதிக்கப்படுவதும் உண்டு. இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒரேபோல வலி, நாற்காலியிலிருந்து எழ முடியாத பலவீனம், சிறுநீர் கறுத்துப் போதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்படியானால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தசை சிதைகிறதா என்று காட்டும் சி.கே. என்ற இரத்தப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் செய்துவிட்டு, குறைந்த அளவில் வேறொரு ஸ்டாட்டினைத் தொடங்கலாம். சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறோம். எதுவுமே ஒத்துவராதவர்களுக்கு எசிடிமைப், பெம்பிடோயிக் அமிலம், ஊசியாகப் போடும் மருந்துகள் எனப் படிப்படியாக வழிகள் இருக்கின்றன. ஸ்டாட்டின் ஒன்று போனால் அடுத்தது சப்ளிமென்ட்தான் என்ற நிலை இன்று இல்லை.

கேள்வி: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஹெச்பிஏ1சி) 7.6. மெட்ஃபார்மின் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. சில செடிகளிலிருந்து எடுக்கும் பெர்பெரின் என்பது "இயற்கையின் மெட்ஃபார்மின்" என்கிறார்கள். மாறிக்கொள்ளலாமா?

பதில்: அந்தப் பட்டப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் மெட்ஃபார்மினின் வேரே ஒரு செடியில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியில் உள்ள பொருளைத் தொடர்ந்து போன ஆராய்ச்சியில், 1922-இல் மெட்ஃபார்மின் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார். செடியில் இருந்த மூலப்பொருள் நச்சுத்தன்மை மிகுந்தது; அதைச் செப்பனிட்டு, அளவிட்டு, பல்லாண்டுகள் கண்காணித்த பிறகு கிடைத்ததுதான் உங்கள் கையில் இருக்கும் மாத்திரை. பெர்பெரின் அந்தப் பாதையில் இன்னும் தொடக்கத்தில் நிற்கிறது.

பெர்பெரின் வேலையே செய்யாது என்று சொல்லவில்லை. நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை 500 மி.கி. கொடுத்துச் செய்த ஆய்வுகளில் சர்க்கரையும் எல்.டி.எல்.லும் ஓரளவு குறைந்தன. ஆனால் அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், சில மாதங்களில் முடிந்தவை. பத்தாண்டு எடுத்துக்கொண்டவரின் கண்ணும் சிறுநீரகமும் இதயமும் என்ன ஆயின என்று காட்டும் ஆய்வு பெர்பெரினுக்கு இல்லை. மெட்ஃபார்மினுக்கு 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்விலிருந்தே அத்தகைய சான்று இருக்கிறது. அதோடு பெர்பெரின் கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. சில ஸ்டாட்டின்கள், சில இதய மருந்துகள், உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் ஏறிவிடலாம். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் இதைத் தொடவே கூடாது. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையை இது கடுமையாக்கி மூளையைப் பாதிக்கக்கூடும்.

மெட்ஃபார்மினை விட வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான விருப்பம் என்றால், அதற்குச் சான்றுள்ள வழி ஒன்று இருக்கிறது. அதைப் புட்டியில் அடைத்து விற்க முடியாது என்பதால் யாரும் விளம்பரம் செய்வதில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்து ஆறாண்டுக்குள் இருந்தவர்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும் கொடுத்து, பிறகு மெல்ல இயல்பான உணவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் எந்தச் சர்க்கரை மருந்தும் இல்லாமல் நோயற்ற அளவுக்குள் இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 86 விழுக்காடு. இதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும், எல்லோருக்கும் பொருந்தாது, எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். ஆனாலும் மாத்திரையை விட விரும்புகிறவர் கேட்க வேண்டிய கதவு அதுதான்.

கேள்வி: இலவங்கப்பட்டை கேப்சூல் சர்க்கரையைக் குறைக்குமா?

பதில்: ஒரு சில ஆய்வுகளில் சற்றே குறைந்தது, வேறு சிலவற்றில் அசையவே இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இதைச் சர்க்கரைக்காகப் பரிந்துரைப்பதில்லை. மேலும் கேப்சூல்களில் அடைப்பது பெரும்பாலும் காசியா வகை. அதில் கல்லீரலுக்கு ஆகாத கூமரின் மிகுதி. உணவில் ஒரு சிட்டிகை சேர்ப்பது வேறு, ஆண்டுக்கணக்கில் கிராம் கிராமாக விழுங்குவது வேறு.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரை தினமும் ஒன்று சாப்பிடுகிறேன். அப்படியிருந்தும் எல்.டி.எல். குறையவில்லையே?

பதில்: குறையாது, ஏனென்றால் அது எல்.டி.எல்.லைக் குறைக்கும் பொருள் அல்ல. சிலருக்குச் சற்று ஏற்றவும் செய்யும். மீன் எண்ணெய் இறக்குவது இரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடை, அதுவும் நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் ஒமேகா-3 என்ற அளவில். கடையில் கிடைக்கும் 1,000 மி.கி. மாத்திரை ஒன்றில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மி.கி. அளவுதான், மீதி வெறும் எண்ணெய். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 26,000 பேருக்கு நாளொன்றுக்கு 1 கிராம் கொடுத்துப் பார்த்ததில் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. அதே ஆண்டில் ஐகோசபென்ட் எத்தில் என்ற, மருத்துவர் சீட்டில் மட்டும் கிடைக்கும் மருந்து நாளொன்றுக்கு 4 கிராம் கொடுத்தபோது, ட்ரைகிளிசரைடு உயர்ந்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 25 விழுக்காடு குறைந்தன. பெயர் ஒத்திருப்பதால் அந்த நற்பெயரைக் கடைப் புட்டிகளும் கடன் வாங்கிக்கொள்கின்றன. அதிக அளவில் எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பும் கூடுகிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஆய்வுகளை நம்புகிறவன் அல்லன், என் இரத்தத்தை நம்புகிறவன். மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று மாதம் ஒரு சப்ளிமென்ட் எடுத்தேன். மூன்று மாதச் சராசரி 7.9-லிருந்து 7.1-க்கு வந்திருக்கிறது. இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

பதில்: உங்கள் கடிதம்தான் இந்தக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்தது; அளந்து பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அளந்தது எதை என்று பார்ப்போம். அந்த மூன்று மாதத்தில் சப்ளிமென்ட் ஒன்றைத் தவிர வேறெதுவும் மாறவில்லையா? மாத்திரையை விட்டுவிட்டோமே என்ற அச்சத்தில் இனிப்பைக் குறைத்தீர்களா, மாலையில் நடந்தீர்களா, எடை குறைந்ததா? என்னிடம் இப்படி வருபவர்களில் பெரும்பாலோர் கேட்டவுடன் ஆம் என்பார்கள். அப்படியானால் வேலை செய்தது உங்கள் கால்கள். பெயர் வாங்கியது புட்டி.

அடுத்து, அந்தச் சப்ளிமென்டில் இரும்புச்சத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இரும்பு கொடுத்துப் புதிய அணுக்கள் பெருகினால், சர்க்கரை அப்படியே இருக்க, எண் மட்டும் இறங்கும். அளவு மீறிய வைட்டமின் சி சில சர்க்கரை அளக்கும் கருவிகளைத் தவறாகக் காட்டவைக்கும். முடிக்கும் நகத்துக்கும் எடுக்கும் பயோட்டின், தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும்கூடக் குழப்பும்.

மூன்றாவது, கொஞ்சம் விரும்பத்தகாத சாத்தியம். சர்க்கரை சரசரவென்று இறங்கினால், புட்டிக்குள் சொல்லப்படாத மருந்து கலந்திருக்கலாம். சிங்கப்பூரில் 2008-இல், ஆண்மை பெருக்கும் என்று விற்ற சட்டவிரோதத் தயாரிப்புகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை கலந்திருந்ததால், ஐந்தே மாதத்தில் 150 பேர் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். 7 பேர் நீண்ட நேரம் நினைவிழந்து கிடந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். சர்க்கரைக்கென்று விற்கும் மூலிகைத் தயாரிப்புகளிலும் இதே வகை மருந்துகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன.

இவை எதுவும் இல்லை, அந்தப் பொருளே எண்ணைக் குறைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சும்: எண் குறைந்தால் நோய் குறைந்துவிடுமா? நியாசின் என்னும் வைட்டமின் பி3 இதற்கு நல்ல பாடம். அதிக அளவில் கொடுத்தால் எல்.டி.எல். இறங்கும், நல்ல கொலஸ்ட்ரால் என்கிற ஹெச்.டி.எல். ஏறும், இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தால் மருத்துவருக்கும் நோயாளிக்கும் மகிழ்ச்சி. ஸ்டாட்டின் எடுத்துவந்த 25,673 பேரை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், முகச்சிவப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்து நியாசினைக் கொடுத்தபோது, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்களும் இரத்தக்கசிவு ஏற்பட்டவர்களும் கூடினார்கள். ஸ்டாட்டின்களைப் பொறுத்தவரை இந்தச் சோதனையைக் கடந்திருக்கிறோம். 1994-இல் வெளியான ஆய்வில் இதய நோயாளிகள் 4,444 பேரில் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களின் இறப்பு 30 விழுக்காடு குறைந்திருந்தது. உங்கள் சப்ளிமென்டுக்கு இதுபோன்ற ஒரு வரியை யாராவது காட்டினால், நானே எழுதிக் கொடுப்பேன்.

இப்போதைக்கு, 7.1 வந்ததைப் பாராட்டி, புட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை வேண்டுமா இல்லையா என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்துவிட்டு, உணவும் நடையும் மாறாமல் சப்ளிமென்டை மட்டும் நிறுத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். இரத்தத்தை நம்புகிறவருக்கு அதுதான் நேர்மையான சோதனை.

கேள்வி: மாத்திரையை நிறுத்தவில்லை. அதோடு சேர்த்து ஆறு வகைச் சப்ளிமென்ட் எடுக்கிறேன். தவறா?

பதில்: உங்களைப் போன்ற ஒருவர் என் அறையில் பையைக் கவிழ்த்தபோது மேசையில் எட்டுப் புட்டிகள் உருண்டன, அவற்றில் மூன்றில் ஒரே பொருள் வெவ்வேறு பெயரில் இருந்தது. முதல் வேலை அந்தக் கணக்கை எடுப்பதே.

பிறகு உங்கள் மாத்திரைகளின் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு போன்ற, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், சர்க்கரையைக் குறைக்கும் இன்னொன்றையும் சேர்த்தால் தாழ்சர்க்கரை வரலாம். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, மனக்குழப்பம் என்று அது தொடங்கும். இரவில் தூக்கத்தில் வந்தால் அதுவும் தெரியாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர், பூண்டு மாத்திரை, அதிக அளவு மீன் எண்ணெய் ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்கக் கூடாது. நார்ச்சத்துத் தூள் மற்ற மருந்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சப்ளிமென்ட் என்று நானே எழுதிக் கொடுப்பதும் உண்டு. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் வேலை என்று நினைத்திருக்க, உண்மையில் அது பி12 குறைவாக இருந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அதை அளந்து, குறைந்திருந்தால் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மகனுக்கு 11 வயது, முதல் வகைச் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசியைப் படிப்படியாகக் குறைத்து மூலிகைக்கு மாறலாம் என்று ஒருவர் உறுதி கூறுகிறார்.

பதில்: வேண்டாம். ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். முதல் வகையில் உடல் இன்சுலினைச் சுரப்பதே நின்றுபோகிறது. 1922 சனவரியில் முதல் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடும்வரை இந்த நோய் வந்த குழந்தைகள் மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோனார்கள். ஊசி தொடங்கிய சில மாதங்களில் தேவை தற்காலிகமாகக் குறைவதுண்டு. மூலிகைக்காரர்கள் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் பெயரெடுக்கிறார்கள். இன்சுலின் இல்லாமல் போனால் ஓரிரு நாளிலேயே வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று கீட்டோன் நச்சு நிலை வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி: எதைக் கேட்டாலும் வேண்டாம் என்கிறீர்கள். சாப்பிடலாம் என்று எதுவுமே இல்லையா? அதோடு, மாத்திரையை நிறுத்தி நான்கு மாதமாகிறது; மருத்துவரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. திட்டுவாரோ?

பதில்: இருக்கிறது. இசப்கோல் உமி நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம், நிறைய நீரோடு எடுத்தால், எல்.டி.எல். 5 முதல் 10 விழுக்காடு வரை இறங்கும். சாப்பாட்டுக்கு முன் எடுத்தால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையும் சற்று மட்டுப்படும். ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளூக்கான் நாளொன்றுக்கு 3 கிராம் என்ற அளவில் இதைப் போன்றே வேலை செய்கிறது. தாவர ஸ்டீரால் 2 கிராம் உணவோடு எடுத்தால் 8 முதல் 10 விழுக்காடு குறையும் என்பது பழைய ஆய்வுகளின் கணக்கு. ஆனால் 2022-இல் வெளியான ஆய்வில், ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி., போலி மாத்திரை, ஆறு வகைச் சப்ளிமென்ட் ஆகியவற்றை 28 நாள் ஒப்பிட்டபோது, ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.லை ஏறத்தாழ 38 விழுக்காடு குறைத்தது. தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி, மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை ஆகிய ஆறில் ஒன்றுகூடப் போலி மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. எல்.டி.எல். 135 உள்ளவருக்கு நார்ச்சத்து உதவியாக இருக்கும். 190 உள்ளவரை அது காப்பாற்றாது. எண்களை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

மருத்துவரிடம் சொல்வதைப் பற்றி: நோயாளி மாத்திரையை நிறுத்துவது எங்களுக்குப் புதிய செய்தியே அல்ல. நீங்கள் சொல்லாமல் போனால்தான் சிக்கல். எல்.டி.எல். குறையவில்லையே என்று அவர் மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவார், அல்லது இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார். பிறகு ஒருநாள் நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்கினால் அதன் விளைவு உங்கள் உடம்பில்தான் தெரியும். ஆகவே புட்டிகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். போகும் முன் எல்.டி.எல்., ஹெச்பிஏ1சி, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளை எடுத்து, சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். "ஐயா, இன்ன தேதியிலிருந்து மாத்திரை எடுக்கவில்லை, இதை எடுத்தேன், இன்ன காரணத்துக்காக" என்று உட்கார்ந்தவுடன் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். அவர் திட்டினால் இரண்டு நிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது நிமிடத்தில் சீட்டைக் கையில் எடுத்துவிடுவார்.